பெயர் நீக்கும் படலம்

சென்ற தீபாவளி மலர் நம் சங்க உறுப்பினர்களில் 31 வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. சிலர் தபால்காரரைக் கோபித்துக் கொண்டார்கள். சிலர் செயலாளருக்குப் போன் செய்து, "என்ன சார், எங்களை மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். தபால்காரர் மீதும் குற்றமில்லை, செயலாளர் மீதும் குற்றமில்லை. குற்றவாளி அடியேன்தான். நடந்தது என்ன என்று எழுதிவிடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக் கொண்டார். மன்னிப்புக் கடிதமாக நாலு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் பட்டியல் வைத்திருக்கும் எவருக்கும் இது நேரக்கூடியது என்பதால், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் உறுப்பினர் பட்டியல் முன்பெல்லாம் நீலக் காலிகோ அட்டை போட்ட ரிஜிஸ்டரில் இருந்தது. யாராவது நாக்பூரை விட்டு மாற்றலாகிப் போனால் சிவப்பு மசியால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பெயர் அப்படியே தெரியும். இரண்டு வருஷம் கழித்து அவரே திரும்பி வந்து அஜ்னி காலனியில் குடியேறினால், பக்கத்தில் "திரும்ப வந்தார்" என்று எழுதிவிடுவார்கள். பிறகு கமிட்டியில் இருந்த ஓர் இளைஞர் மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். விலாச லேபிள் அச்சடிக்க ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை மாறிப் புனே போய்விட்டார். அதற்குப் பிறகு ஆளாளுக்குத் திருத்தியதில் பட்டியலில் குப்பை சேர்ந்துவிட்டது. ஊரை விட்டுப் போனவர்களின் பெயரையும் விலாசத்தையும் அழித்துவிட்டு, வெற்றுக் கட்டத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சில பகுதிகளில் ஒரு வீடுகூட மிச்சமில்லை, பகுதியின் பெயர் மட்டும் நின்றது. லேபிள் அடித்தால் நடுநடுவே வெள்ளை லேபிளாக வரும்.

"நீங்கதான் பைத்தான் கத்துக்கறீங்களாமே, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுங்களேன்" என்றார் பொருளாளர். பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருக்கும் என் பேத்திக்குத் துணையாக உட்கார்ந்து நானும் கற்றுக் கொண்டிருந்தேன். டிப்ளமா படித்த காலத்தில் ஸ்லைடு ரூல் பிடித்த கை. சரி என்று ஒப்புக் கொண்டேன்.

பைத்தான் என்றதும் மலைப்பாம்பை நினைக்க வேண்டாம். ஹாலந்துக்காரரான கிடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி அது. மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். அதில் டிக்ஷனரி என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் அகராதி போலத்தான். தலைச்சொல்லைச் சொன்னால் அதற்குரிய பொருள் கிடைக்கும். "தொலைபேசி" என்று கேட்டால் எண்ணைக் கொடுக்கும். "பின்கோடு" என்று கேட்டால் பின்கோடைக் கொடுக்கும். விசேஷம் என்னவென்றால், பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு அகராதியையே வைக்கலாம். பீரோவைத் திறந்தால் அதற்குள் பெட்டி, பெட்டிக்குள் சம்படம் என்பது போல. நம் பட்டியலில் மேல் அடுக்கு பகுதிகள்: அஜ்னி, தரம்பேட், சதர், காம்ப்டி என்று. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பெயர், விலாசம், தொலைபேசி ஆகியவற்றோடு "சந்தா" என்று ஒரு சிறு பெட்டி. அந்தச் சந்தாப் பெட்டிக்குள் வருஷ வாரியாக வசூலிக்க வேண்டிய தொகை. 2021: 300, 2022: 300, இப்படி. இந்தச் சந்தாப் பெட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். வினை அங்கேதான் வந்தது.

முதல் நாள் நான் எழுதியது எளிய புரோகிராம். ஒவ்வொரு பகுதியாகப் போ, பகுதிக்குள் ஒவ்வொரு வீடாகப் போ, வீடு வெறுமையாக இருந்தால் எடுத்துவிடு. ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்து நின்றது: ரன்டைம் எரர், டிக்ஷனரி சேஞ்சுடு சைஸ் டியூரிங் இட்டரேஷன். அதாவது, நீ நடந்து கொண்டிருக்கும்போதே அகராதியின் அளவு மாறிவிட்டது, இனிமேல் நடக்க மாட்டேன் என்கிறது.

பிழை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன். ஏதோ தட்டச்சுத் தவறு என்று எண்ணி மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே சிவப்பு. ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை உதைப்பது போல ஏழு தடவை ஓட்டினேன். பேத்தி ஸ்கூலிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "தாத்தா, எத்தனை தடவை ஓட்டினீங்க?" என்றாள். சொன்னேன். "அப்போ ஏழு வீடு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக ஏழு குறைந்திருந்தது!

இதை ரயில்வே பாஷையில் சொன்னால் எனக்கே தெளிவாகிறது. ஆக்சில் கவுண்டர் என்று ஒரு கருவி உண்டு. அது சிக்னல்காரர்களின் சொத்து; நான் தண்டவாளம் பார்க்கும் பர்மனென்ட் வே ஆள், ஆனாலும் அதோடு மாரடித்தவன். ஒரு செக்ஷனுக்குள் நுழையும் அச்சுகளை ஒரு முனையில் எண்ணும்; வெளியேறும் அச்சுகளை மறு முனையில் எண்ணும். இரண்டும் சமமானால்தான் லைன் காலி என்று ஒப்புக் கொள்ளும். ஒன்று குறைந்தாலும் உள்ளே ஏதோ நிற்கிறது என்று வைத்துக் கொண்டு சிக்னலை இறக்க விடாது. பைத்தானும் அகராதிக்குள் நடக்க ஆரம்பிக்கும்போது உள்ளே எத்தனை இருக்கிறது என்று குறித்துக் கொள்கிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும் முன்பும் இப்போது எத்தனை என்று பார்க்கிறது. எண்ணிக்கை மாறியிருந்தால் சிவப்பு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது நம்மை நிறுத்துவது நீக்கிய பிறகு, அடுத்த அடியில். முதல் ஆள் ஏற்கெனவே வெளியே போயாயிற்று. கடைசி வீட்டை நீக்கினாலும் இப்படித்தான். "இனிமேல் வீடு இல்லையே" என்று சொல்லும் முன்பே எண்ணிக்கையைப் பார்த்துவிடும்.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும் என்று எரிச்சல் வந்தது உண்மை. லிஸ்ட் என்ற இன்னோர் ஏற்பாட்டைப் பார்த்த பிறகு எரிச்சல் தணிந்தது. லிஸ்ட் என்பது வெறும் வரிசை. அதில் நடக்கும்போதே நீக்கினால் பைத்தான் ஒரு வார்த்தை பேசாது. தப்பான விடையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். யார்டில் நம்பர் டேக்கர் என்று ஒருவர், நிற்கும் கூட்ஸ் வண்டியின் ஓரமாக நடந்தபடியே ஒவ்வொரு வேகனின் எண்ணையும் நோட்டில் எழுதுவார். அவர் இரண்டாவது வேகன் பக்கத்தில் நின்று எழுதும்போது அந்த வேகனையே உருவி எடுத்து, பின்னால் இருப்பவற்றை முன்னே தள்ளிச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது வேகன் அவர் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். அவரோ "இந்த இடம் எழுதியாச்சு" என்று அடுத்த இடத்துக்கு நடந்துவிடுவார். மூன்றாவது வேகன் நோட்டில் ஏறவே ஏறாது. லிஸ்டில் அப்படித்தான். ஒன்றை நீக்கினால் அதற்கு அடுத்தது சோதிக்கப்படாமலே தப்பிவிடும். இரண்டு வெற்று வீடுகள் அடுத்தடுத்து இருந்தால் ஒன்று போகும், ஒன்று நிற்கும். மோசடி வெளியே தெரியாது. இதற்கு அந்தச் சிவப்பு எழுத்தே மேல்.

நான் வழி தேடிய புத்தகம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது. அகராதியின் மேலேயே நடக்காதே. "கீஸ்" என்று கேட்டு, தலைச்சொற்களை வாங்கிக் கொண்டு அதன் மேல் நட என்று அதில் போட்டிருந்தது. அப்படியே செய்தேன். மறுபடி சிவப்பு. புத்தகம் பொய் சொல்லவில்லை. அது பைத்தான் இரண்டுக்கு எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் "கீஸ்" என்று கேட்டால் தலைச்சொற்களைத் தனித் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் மூன்றில் தாளுக்குப் பதில் ஒரு ஜன்னலைக் கொடுக்கிறார்கள். ஜன்னல் வழியே தெரிவது அதே அகராதிதான். அங்கே ஆளைத் தூக்கினால் ஜன்னலிலும் ஆள் இல்லை. இரண்டாம் பைத்தானுக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு விடை கொடுத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த ஒரு விஷயத்திலாவது உஷாராக இருக்க வேண்டும்.

பரிகாரம் சின்னது. நடப்பதற்கு முன், தலைச்சொற்களைத் தனித் தாளில் நாமே எழுதிக் கொள்ள வேண்டும். அதற்கு "லிஸ்ட்" என்று போட்டு அடைப்புக் குறிக்குள் அகராதியின் பெயரைக் கொடுத்தால் போதும். அந்தத் தாளைப் பார்த்து நடக்கலாம். அகராதியில் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். தண்டவாளத்தில் வேலை செய்ய ஸ்டேஷன் மாஸ்டரிடம் பிளாக் வாங்குவோமே, அது மாதிரி. வண்டி வராது என்று எழுத்தில் கிடைத்த பிறகுதான் ஸ்லீப்பரில் கை வைப்போம். பைத்தானில் பிளாக் கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. நமக்கு நாமே கொடுத்துக் கொள்ள வேண்டியதுதான்.

அடுக்கு அகராதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நாம் எந்த அடுக்கில் நடக்கிறோமோ அந்த அடுக்கின் எண்ணிக்கை மாறினால்தான் பைத்தான் கோபிக்கும். தெருவில் நடந்து கொண்டே ஒரு வீட்டுக்குள் புகுந்து நாற்காலியைத் தூக்கிப் போட்டால் அதற்குக் கவலையில்லை. தெருவில் வீட்டு எண்ணிக்கை மாறவில்லையே. வீட்டையே இடித்தால்தான் நிறுத்தும். ஆகவே ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு புரோகிராம்களில் ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். எனக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்து, எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வி. மேலிருந்து கீழே துடைத்துக் கொண்டு போனால், ஒரு வீட்டைப் பார்த்து "இதில் சாமான் இருக்கிறது" என்று விட்டுவிட்டு உள்ளே போகிறோம். உள்ளே இருப்பதெல்லாம் வெற்றுக் கட்டங்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். இப்போது வீடு காலி. ஆனால் நாம் அதைத் தாண்டி வந்துவிட்டோம். எனவே கீழிருந்து மேலே வர வேண்டும். முதலில் சம்படம், பிறகு பெட்டி, பிறகு பீரோ. எத்தனை அடுக்கு என்று முன்கூட்டித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு புரோகிராம் தன்னையே கூப்பிட்டுக் கொள்ள பைத்தானில் இடமுண்டு. செக்ஷன் இன்ஜினியர் மேஸ்திரியைக் கேட்பார், மேஸ்திரி கீமேனைக் கேட்பார், கீமேன் போய்ப் பார்த்து வந்து சொல்ல, பதில் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வருமே, அதே கதை.

நான் எழுதியதை இங்கே தமிழெழுத்தில் காட்டுகிறேன். பைத்தான் மூன்றில் நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். பெட்டி, உள்ளே, துடை என்றெல்லாம் தமிழிலேயே அடித்தேன், ஏற்றுக் கொள்கிறது. பேத்திக்குத்தான் சிரிப்புத் தாங்கவில்லை. டெஃப், ஃபார், இஃப் முதலிய அதன் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

டெஃப் துடை(பெட்டி):
    ஃபார் தலைப்பு இன் லிஸ்ட்(பெட்டி):
        உள்ளே = பெட்டி[தலைப்பு]
        இஃப் ஐஸின்ஸ்டன்ஸ்(உள்ளே, டிக்ட்):
            துடை(உள்ளே)
        இஃப் நாட் உள்ளே:
            டெல் பெட்டி[தலைப்பு]

தலைச்சொற்களைத் தனித் தாளில் எழுதிக் கொள்; ஒவ்வொன்றின் உள்ளே இருப்பதைப் பார்; அது இன்னோர் அகராதியானால் முதலில் அதைத் துடை; துடைத்த பின் உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தலைச்சொல்லையே எடுத்துவிடு. ஏழே வரி. ஓட்டினேன். சிவப்பு வரவில்லை. வெள்ளை லேபிள்கள் மாயமாயின. பொருளாளர் தோளில் தட்டினார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

தீபாவளி கழிந்து நாலாம் நாள் காம்ப்டியிலிருந்து போன். எண்பது வயதைத் தாண்டிய அம்மாள். கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். என் முதல் போஸ்டிங்கிலேயே பழக்கம். அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது.

"தம்பி, மலர் வரலையே" என்றார்.

"தபால்ல லேட்டாகியிருக்கும்மா."

"இல்லப்பா, பக்கத்துத் தெருவுல வந்துடுச்சு. நான் வேற ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத. அவர் ஆயுள் சந்தா கட்டினவரு. இப்ப அவர் ஆயுள் முடிஞ்சு போச்சு. அதோட சந்தாவும் முடிஞ்சுதா? அப்படின்னா சொல்லு, நான் தனியாக் கட்டிடறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். காம்ப்டியில் அவர் வீடு இருந்தது. பெயர் இருந்தது, விலாசம் இருந்தது. சந்தாப் பெட்டியை மட்டும் காணோம். அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, ஆயுள் சந்தாதாரர் 31 பேருக்கும் அதே கதி.

காரணம் அந்த "இஃப் நாட்". பைத்தான் அகராதியில் இல்லாமை என்பதற்குப் பல முகங்கள். வெற்று அகராதி இல்லாமை, வெற்று எழுத்துத்தொடர் இல்லாமை, "நன்" என்ற சூனியம் இல்லாமை, பூஜ்யமும் இல்லாமை. நாலையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆயுள் சந்தா கட்டியவர்களிடம் வருஷா வருஷம் வசூலிக்க ஒன்றுமில்லை என்பதால் அவர்கள் பெட்டியில் 2021: 0, 2022: 0, 2023: 0 என்று எழுதி வைத்திருந்தார் அந்தப் பழைய இளைஞர். நியாயமான எழுத்து. என் புரோகிராம் பூஜ்யங்களை வெற்றிடம் என்று எண்ணி ஒவ்வொன்றாக எடுத்தது. எல்லாம் போனதும் சந்தாப் பெட்டி காலி; அதையும் எடுத்தது. லேபிள் அடிக்கும் புரோகிராமோ சந்தாப் பெட்டி இல்லாத வீட்டை உறுப்பினர் வீடு அல்ல என்று தாண்டிப் போயிற்று. கீழிருந்து மேலே துடை என்று நான் பெருமையோடு செய்த ஏற்பாடே சங்கிலி போல இழுத்துவிட்டது. இரண்டு வருஷ சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கெல்லாம் மலர் போயிருக்கிறது! ஆரம்ப காலத்தில் மொத்தமாகப் பணம் கட்டிச் சங்கத்தை நிறுத்தியவர்களுக்கு இல்லை.

போகட்டும், நகல் இருக்கிறதே என்று தேற்றிக் கொண்டேன். ரயில்வேக்காரன் நகல் இல்லாமல் எதையும் தொட மாட்டான். துடைப்பதற்கு முன்பே "பழையது" என்று ஒரு காப்பி எடுத்திருந்தேன். எல்லாம் முடிந்த பின் இரண்டையும் தனித் தனி ஃபைலாகச் சேமித்திருந்தேன். பழைய ஃபைலைத் திறந்தால் அதிலும் சந்தாப் பெட்டிகள் இல்லை. ஒரு நிமிஷம் வியர்த்துவிட்டது.

அகராதியை "காப்பி" என்று சொல்லி நகலெடுத்தால் பைத்தான் மேல் அடுக்கை மட்டும் நகலெடுக்கிறது. உள்ளே இருப்பவை இரண்டுக்கும் பொது. சாவிக்கொத்துக்கு டூப்ளிகேட் போட்டால் வீடு இரண்டாகிவிடுமா? எந்தச் சாவியால் திறந்து சாமானை எடுத்தாலும் போனது ஒரே வீட்டுச் சாமான்தான். அடுக்கடுக்காக எல்லாவற்றையும் புதிதாக நகலெடுக்க "டீப்காப்பி" என்று வேறொரு கட்டளை இருக்கிறது. "காப்பி" என்ற மாட்யூலைக் கூப்பிட்டுக் கொண்டு அதைக் கேட்க வேண்டும். இதைவிடச் சுலபம், ஃபைலையே தொடுவதற்கு முன் ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்து வைப்பது. அதை நான் செய்யவில்லை. பழைய ஃபைல், புதிய ஃபைல் இரண்டின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்ததையாவது கவனித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

கடைசியில் காப்பாற்றியது நீலக் காலிகோ ரிஜிஸ்டர். சங்க அலமாரியின் கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்தது. ஆயுள் சந்தாதாரர்களுக்கு அதில் தனிப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் துணைவியார் ஒவ்வொரு பெயராக வாசிக்க, நான் அடித்தேன். நடுநடுவே அவர், "இவங்க பொண்ணு கல்யாணத்துக்குத்தான நாம ஹோஷங்காபாத் போனோம்" என்பது போல நிறுத்திக் கொள்வார். அரை மணி வேலை மூன்று மணி நேரமாயிற்று. சிவப்புக் கோடு போட்ட பெயர்களையும் தவறாமல் வாசித்தார். அவை கோட்டுக்கு அடியில் தெளிவாகவே தெரிந்தன.

இப்போது என் வேலை முறை மாறிவிட்டது. முதலில் "இஃப் நாட் உள்ளே" என்ற வரியை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது வெற்று அகராதியா, வெற்று எழுத்துத்தொடரா என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன். பூஜ்யத்தின் மீது கை வைப்பதில்லை. இரண்டாவது, பார்ப்பதும் நீக்குவதும் தனித் தனி நடை. முதல் நடையில் எதையும் நீக்குவதில்லை. எந்தப் பகுதி, எந்த வீடு, எந்தக் கட்டம் நீங்கப் போகிறது என்று ஒரு பட்டியல் மட்டும் தயாராகும். அதை அச்செடுத்துக் கமிட்டியில் வாசிக்கிறேன். டீயோடு வாசித்தால் எல்லோரும் கேட்கிறார்கள். "அந்த வீட்டுக்காரர் ராய்ப்பூர் போனார், ஆனா பையன் இங்கதான் இருக்கான்" என்று யாராவது சொல்வார். அந்த வரியை அடித்துவிடுவேன். மிஞ்சியவற்றைத்தான் இரண்டாம் நடையில் நீக்குகிறேன். முன்பு எத்தனை வீடு, நீக்கியது எத்தனை, இப்போது எத்தனை என்று கூட்டிக் கழித்து மூன்று எண்களையும் பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். நானே ஓர் ஆக்சில் கவுண்டர் வைத்துக் கொண்டது போல.

நீக்குவது வேறு, மாற்றுவது வேறு என்பதும் இதில் தெரிந்து கொண்டேன். ஏற்கெனவே இருக்கும் தலைச்சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுப்பதில் ஆபத்தில்லை. நடந்து கொண்டே செய்யலாம், எண்ணிக்கை மாறாது. ஆனால் தலைச்சொல்லையே மாற்றுவதென்றால் பழையதை எடுத்துப் புதியதைப் போட வேண்டும். ஒன்று போய் ஒன்று வருவதால் எண்ணிக்கை சமம். பைத்தானால் உடனே கண்டுபிடிக்க முடியாது. புதியது வரிசையின் கடைசியில் போய் நிற்கும். நடந்து வருபவர் அதைப் புது ஆள் என்று நினைத்து மறுபடி கையாளப் பார்ப்பார். ஆக்சில் கவுண்டரும் அச்சைத்தான் எண்ணும். எந்த வண்டியின் அச்சு என்று அதற்குத் தெரியாது.

இது நினைவுக்கு வரக் காரணம் காம்ப்டி அம்மாள் கேட்ட கேள்வி. கமிட்டியில் அதை வைத்தேன். ஒருவர், "ஆயுள் சந்தான்னா கட்டினவர் ஆயுள்தான். ரூல் அப்படித்தானே?" என்றார். விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ஆயுள் என்று இருக்கிறதே தவிர யார் ஆயுள் என்று எழுதவில்லை. முக்கால் மணி நேரம் காரசாரமாகப் பேசினோம். வீட்டில் துணைவரோ துணைவியோ இருக்கும் வரை சந்தா செல்லும் என்று தீர்மானமாயிற்று. மகன், மகளுக்கும் உண்டா என்பதைப் பொதுக்குழுவுக்கு விட்டிருக்கிறோம். அங்கே நிச்சயம் சண்டை வரும்.

தீர்மானத்தைச் சொல்ல நானும் துணைவியாரும் மலரை எடுத்துக் கொண்டு காம்ப்டிக்கு நேரிலேயே போனோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பூஜ்யம், சந்தாப் பெட்டி என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக் கொண்டார். "இனிமே லேபிள் உங்க பேர்ல வரும்மா, மாத்திடறேன்" என்றேன்.

"வேண்டாம்ப்பா. அவர் பேர்லயே வரட்டும்."

"ரெக்கார்டு சரியா இருக்கணுமில்லையாம்மா" என்று இழுத்தேன். பழக்க தோஷம்.

"போஸ்ட்மேனுக்கு அந்தப் பேர்தான் தெரியும்" என்றார். பிறகு உள்ளே போய்த் தட்டில் முறுக்கு எடுத்து வந்தார்.

வீட்டுக்கு வந்து அவர்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தேன். "பெயர்" என்ற தலைச்சொல்லுக்கு எதிரே இருந்ததைத் தொடவில்லை. கூடவே "குறிப்பு" என்று புதிதாக ஒரு தலைச்சொல் போட்டு, "பெயரை மாற்ற வேண்டாம், நீக்க வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் நடைப் பட்டியல் தயாராகும்போது குறிப்பு உள்ள வீடுகளைத் தாண்டிப் போகும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வருபவர் அந்த வரியை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன்.

தீபாவளி மலர் இன்னும் கிடைக்காதவர்கள் வீட்டு எண், பகுதி, பின்கோடு ஆகியவற்றோடு செயலாளருக்கு ஒரு கார்டு போடவும். என்னிடம் சொல்வதைவிட அது பாதுகாப்பு.